மேசன் வேலை தெரியாது. வீடு கட்டி விற்கலாமா? வன்னிக் காணியும் கட்டடமும்: கேள்வி பதில்

காணி வாங்கிக் கட்டி விற்கவோ வாடகைக்கு விடவோ நினைக்கிற, ஆனால் கட்டடத் தொழிலோடு ஒரு தொடர்பும் இல்லாத பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். வன்னியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கிளிநொச்சி, ஆசிரியை): ஐயா, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. சாந்தகப்பையை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. சின்ன வீடு ஒன்று கட்டி விற்கலாமா?

விற்கலாம் பிள்ளை. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசன் பிடிப்பது, கல் இறக்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. கணவனை இழந்த பெண்கள் எத்தனையோ பேர், அதற்கு முன் ஒரு மூட்டை சீமெந்து வாங்கியிராதவர்கள், நேர்த்தியாகக் கட்டி முடித்தார்கள். வேலை நடக்கும் நேரம் அங்கேயே நின்றார்கள், வந்ததையும் போனதையும் கொப்பியில் எழுதினார்கள், விளங்காததை வெட்கப்படாமல் கேட்டார்கள். இடையில் நின்றுபோன வீடுகளில் நான் அதிகம் கண்டது வேறு காரணம்: 550 சதுர அடிக்குக் கணக்கிட்ட காசை வைத்துக்கொண்டு 900 சதுர அடிக்கு அத்திவாரம் வெட்டியிருப்பார்கள். காசு லிண்டலோடு, அதாவது கதவு யன்னலுக்கு மேல் போடும் கொங்கிரீட் வளையோடு, முடிந்திருக்கும்.

ஆகவே தொழில் தெரியாதது உங்களுக்குப் பெரிய தடை இல்லை. நீங்கள் முதலில் படிக்க வேண்டியது காணிப் பத்திரத்தை.

கேள்வி (வவுனியா): ஏ9 வீதிக்குக் கிட்ட அரை ஏக்கர் மலிவாக வருகிறது. பெர்மிட் காணியாம். "அற்றோணி எழுதித் தாறன், பயப்படாதேங்கோ" என்கிறார் தரகர். வாங்கலாமா அண்ணை?

தம்பி, வாங்காதேங்கோ. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் புதிதாக இறங்குகிறவர்களின் காசு அதிகம் தாழ்கிற இடம் இதுதான்.

வன்னிக் காணிகளில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டங்களில் அரசு கொடுத்தவை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் முதலில் அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட் கிடைக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றினால் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். இரண்டுமே உறுதிக்காணி, அதாவது சொந்தக்காரர் தன் விருப்பப்படி உறுதி எழுதி விற்கக்கூடிய தனியார் காணி, ஆகாது. அளிப்புக் காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டத்தில் செல்லாது. துண்டு போட்டு விற்கவும் கட்டுப்பாடு உண்டு. அவருக்குப் பிறகு காணி போய்ச்சேரும் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதும் தனிக் கேள்வி. அற்றோணித் தத்துவம் என்பது ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம் மட்டும்தான். எழுதிக் கொடுத்தவருக்கே இல்லாத விற்கும் உரிமை அதனால் உங்களுக்கு வராது. அவர் கண் மூடினால் அற்றோணியும் அன்றோடு முடிந்தது. அந்தக் காணியில் நீங்கள் எழுப்பிய வீட்டுக்குள் அவருடைய பிள்ளைகள் உரிமையோடு வந்து நிற்பார்கள்.

உறுதிக்காணி என்றால் என்ன பார்ப்பது? "உறுதி இடம்பெயர்வில் தொலைந்துபோச்சு" என்று சொல்பவர் பலர், அதில் உண்மையும் உண்டு. ஆனால் நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். அத்தாட்சிப்படுத்திய பிரதியை அங்கே கேட்டு வாங்கலாம். விற்பவரின் நொத்தாரிசை நம்பாமல் உங்களுக்கென்று ஒருவரைப் பிடித்து, 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தோம்பு, அதாவது காணி யார் யார் கை மாறியது என்ற பதிவு, தேடச் சொல்லுங்கள். பத்து வருடம் காணியைத் தன் வசம் வைத்திருந்த ஆட்சியை மட்டும் வைத்து எழுதிய உறுதி என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். உண்மையான சொந்தக்காரர் இடம்பெயர்ந்து எங்கோ இருக்கலாம். அரச காணியாக இருந்தால் எத்தனை வருட ஆட்சியும் எடுபடாது. பிறகு நில அளவையாளரைக் கொண்டு எல்லை பிடித்து, புதிய வரைபடத்தை உறுதியில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். காட்டுக் கரைக் காணி என்றால், வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறதா என்று விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். போரில் முன்னரங்காக இருந்த பகுதி என்றால் கண்ணிவெடி அகற்றிக் கையளித்த இடமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வையை மறக்கிறார்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதற்கு மேல் நொத்தாரிசு கட்டணம்.

கேள்வி (முல்லைத்தீவு): சகோதரங்கள் நாலு பேருக்குப் பொதுவான காணி. அதில் ஒரு அக்கா தன் பங்கை விற்கிறா. வாங்கலாமா?

வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் சகபங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் வாங்கினால், அவர்கள் பிறகு வழக்குப் போட்டு உங்களிடமிருந்து அதே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். விற்கிற அக்கா மணமானவர் என்றால் கணவரின் எழுத்துமூலச் சம்மதத்தையும் நொத்தாரிசு கேட்பார். நாலு பேரும் ஒன்றாக இருந்து கையெழுத்து வைக்காத காணியில் கட்டி விற்கிற எண்ணம் வேண்டாம்.

கேள்வி (கனடா): என் பெயரில் பரந்தனில் காணி வாங்கி, தம்பியைக் கொண்டு நாலு வீடு கட்டலாம் என்று இருக்கிறேன்.

இலங்கைக் குடியுரிமை இருக்கிறதா? கனடாக் குடியுரிமை மட்டும் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி காணியை உங்கள் பெயருக்கு எழுத முடியாது. குத்தகைக்கு எடுக்கலாம், அதிகபட்சம் 99 வருடம். இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. தம்பியின் பெயரில் வாங்கினால் காணி தம்பியுடையதுதான், அதை மனதில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். இந்த ஒரு விடயத்தில் முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): மேசன் சரியாகச் செய்கிறாரா என்று தொழில் தெரியாத நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி தங்கச்சி. ஒரு நாடா, ஒரு நூல், ஒரு சோடாப் போத்தல் இருந்தால் பாதி வேலையைப் பார்த்துவிடலாம்.

அத்திவாரத்துக்கு நூல் கட்டியதும், மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியிலும் மறு பக்கம் 4 அடியிலும் குறி வையுங்கள். இரண்டு குறிக்கும் இடையே சரியாக 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். பிறகு அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டுவதற்கு முன் நூலைத் திருத்தச் சொல்லுங்கள். நல்ல மேசன் இதற்குக் கோபிக்க மாட்டார்.

டிப்பரில் மணல் வந்தால் பெட்டியின் உட்பக்க நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி நூறால் பிரியுங்கள். ஒரு கியூப் என்பது 100 கன அடி. மூன்று கியூப் என்று சொல்லி வந்த லோட், அளந்தால் இரண்டரை நிற்கும். கொட்டிய பிறகு கதைத்துப் பயனில்லை. அதே மணலைப் போத்தலில் பாதி போட்டு, தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிட்டு, தெளிந்ததும் பாருங்கள். மணலுக்கு மேல் தடிப்பாகச் சேறு படிந்தால் அந்த லோட் கொங்கிரீட்டுக்கு வேண்டாம். கடற்கரை மணலைக் கம்பி உள்ள எதற்கும் அண்டவிடாதேங்கோ, உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

கொங்கிரீட் போடும் நாள் லீவு எடுத்துக்கொண்டாவது நில்லுங்கள். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்குத் தண்ணீர் 25 முதல் 30 லீற்றர் வரைதான். இழுக்க இலகு என்று கையாட்கள் வாளி வாளியாக ஊற்றுவார்கள், அங்கேதான் பலம் போகிறது. கம்பி பலகையில் முட்டாமல் அடியில் சின்னச் சீமெந்துக் கட்டைகள் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். அடுத்த நாளிலிருந்து குறைந்தது ஏழு நாள் நனைத்து வைக்க வேண்டும். வன்னி வெயிலில் இதை மேசன் செய்ய மாட்டார், அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சாக்கு விரித்து நீங்களே காலையும் மாலையும் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி (மாங்குளம்): நாள் கூலியா, கொந்தராத்தா?

முதல் வீட்டுக்குக் கூலிக் கொந்தராத்து: சாமான் உங்களது, வேலை அவருடையது. அத்திவாரம், லிண்டல் மட்டம், கூரை, பூச்சு என்று கட்டம் பிரித்து, கட்டம் முடிந்த பிறகு மட்டும் காசு. கடைசியில் 5 வீதம் பிடித்து வைத்து, ஒரு மாரி தாண்டி ஒழுக்குப் பார்த்துக் கொடுப்பதாக ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கணக்குப் போட்ட தொகைக்கு மேல் 15 வீதமாவது கையில் வேண்டும். 2021இல் இருந்த சீமெந்து விலை 2022இல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அப்போது பாதியில் நின்றவர்கள் எல்லாம் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை.

கேள்வி (வவுனியா): விற்க வீடா, வாடகைக்கு அறையா?

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் 2021இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம். அந்த இரண்டு இடத்தைச் சுற்றி என்றால், கிணறும் தனிக் கழிவறையும் உள்ள நாலு அறைதான் என் தெரிவு. மாதா மாதம் வருமானம் வரும், பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்க ஓர் இடமும் கிடைக்கும். வேறு இடத்தில் வெறும் நம்பிக்கையில் அறை கட்ட வேண்டாம். வவுனியாப் பக்கம் கிணறு, குழாய்க்கிணறு எதுவானாலும் தண்ணீரைப் பரிசோதித்த பிறகு காணிக்கு முற்பணம் கொடுங்கள். சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்கள் அங்கே இருக்கின்றன.

கேள்வி (கிளிநொச்சி): எந்த மாதம் தொடங்கலாம்? காணி இரணைமடுவுக்குக் கீழே.

முதலில் அயலில் உள்ள வயதானவர்களிடம், 2018 டிசம்பரில் குளத்தின் கதவுகள் திறந்தபோது வெள்ளம் எங்கே நின்றது என்று கேளுங்கள். பழைய சுவரில் சேற்றுக் கோடு இருந்தால் அளந்து, உங்கள் நில மட்டத்தை அதற்கு மேலே உயர்த்துங்கள். அந்தச் செலவு கட்டுபடி ஆகாவிட்டால் காணியை விடுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அத்திவாரம் வெட்டலாம், ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறவேண்டும். அதற்கு மார்கழிக்குள்ளேயே வரைபடத்தைப் பிரதேச சபையில் கொடுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் அத்திவாரம் வெட்டினால், அனுமதித்த வரைபடப்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழைப் பிறகு எடுப்பது சிரமம். அது இல்லாமல் வங்கிக் கடனோடு வாங்க வருகிறவருக்கு விற்கவும் முடியாது.