கேள்வி-பதில்: வாரிய வீடும் வாசலில் நிற்கும் புரோக்கரும்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் வாரிய வீடு பற்றியவை. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வியாசர்பாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். ஹவுசிங் போர்டு வீட்டுக்கு மனு போடலாமா? குடிசையில் இருப்பவர்களுக்குத்தான் தருவார்கள் என்கிறார்களே?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் போக வேண்டியது ஹவுசிங் போர்டு இல்லை, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறியது. உங்கள் கணவருக்குப் பழைய பெயர்தான் தெரிந்திருக்கும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கட்டிய அடுக்குமாடிகளில் ஒதுக்கீடு கேட்க முக்கியமான நிபந்தனை இரண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல் உங்களுக்குத்தான். வீடு உங்கள் பெயரிலோ கணவரோடு சேர்த்தோ வரும். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். மானியம் போக மீதியைப் பயனாளி பங்காக நீங்கள்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: ஊரில் அப்பா பெயரில் ஒரு வீடு இருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். எனக்கு வாரிய வீடு கிடைக்காதா?

பதில்: கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள், இதுதான் திட்டக் கணக்கில் குடும்பம். அப்பாவின் வீடு உங்களைத் தடுக்காது. மனைவி பெயரில் இருந்தால் தடுக்கும்.

கேள்வி: எனக்கு மாதம் 45,000 ரூபாய் சம்பளம். வருமானச் சான்றில் 2.8 லட்சம் என்று வாங்கிக் கொடுத்தால் கண்டுபிடிப்பார்களா?

பதில்: கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் வாரிய வீடு வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னார். வாரியத்தில் ஆள் இருக்கிறதாம். தாலியை அடகு வைத்து 1.5 லட்சம் கொடுத்தேன். ஒதுக்கீட்டு ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொண்டுபோனால், அந்தக் கதவு எண்ணில் வேறு குடும்பம் இருக்கிறது. இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: அம்மா, உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பணம் எப்படிப் போனது, எந்தத் தேதியில், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஆணையின் நகலோடு குடியிருப்புகளை நிர்வகிக்கும் வாரியத்தின் எஸ்டேட் அலுவலரைப் பார்த்து, இது போலி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே போலீசில் மோசடிப் புகார் கொடுங்கள். 2024 ஜூலையிலிருந்து இது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. "சிவில் விஷயம், பேசித் தீர்த்துக்கொள்" என்று திருப்பி அனுப்பினால் கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். சேர்ந்து போனால் புகாருக்குப் பலம்.

இனி மற்றவர்களுக்கு. எத்தனை தடவை எழுதினாலும் கை ஓயவில்லை: ரசீது, ரசீது, ரசீது! வாரிய வீட்டுக்கான பணம் வாரியத்தின் பெயருக்குத்தான் போக வேண்டும். "சாரிடம் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்று எவன் சொன்னாலும் அந்தச் சாருக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கோபுர முத்திரை போட்ட கலர் ஜெராக்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். முத்திரையைப் பார்க்காதீர்கள், ஆணை எண்ணை அலுவலகத்தில் காட்டிச் சரிபாருங்கள். இதெல்லாம் தெரிந்த நானும் ஒரு காலத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த நான்கு கல்லைக் காட்டிய ஒருவரிடம் தவணையில் மனை வாங்கியவன்தான். அங்கீகாரம் இல்லாத மனை. கல் இன்னும் இருக்கிறது.

கேள்வி: ஒதுக்கீடு பெற்றவரே கண்ணகி நகர் வாரிய வீட்டை மலிவாகத் தருகிறார். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி, பவரும் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: அவர் கையில் இருப்பது ஒதுக்கீடுதான், கிரயப் பத்திரம் இல்லை. பிறகு உங்களுக்கு எதை விற்கிறார்? பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்காதீர்கள். மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதுதான்.

கேள்வி: மயிலாப்பூரில் நான்கு வீட்டில் வேலை செய்கிறேன். பெரும்பாக்கத்தில் வீடு தருகிறார்கள். போகலாமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை நாளில், காலை ஆறு மணிக்கு அங்கிருந்து மயிலாப்பூருக்குப் பஸ் ஏறிப் பாருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் போகிற நேரம் போகிறதுதான். நான்கு வீட்டில் எத்தனை மிஞ்சும் என்று அப்போது தெரியும். பிள்ளைகளுக்கு வருட நடுவில் பள்ளியில் இடம் கிடைக்குமா, மாதப் பராமரிப்புத் தொகை எவ்வளவு, லிஃப்ட் ஓடுகிறதா என்று ஏற்கெனவே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். மேல்மாடியில் இருக்கும் வயதானவர்களிடம் கேட்டால் உண்மை வரும்.

கேள்வி: பங்குத் தொகை கட்டி வாங்கிய வீட்டில் சுவர்ப் பூச்சு கையோடு உதிர்கிறது. அரசு வீடுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

பதில்: ஏன் பொறுக்க வேண்டும்? 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் இதே புகார் எழுந்து, ஐஐடி ஆட்களை வைத்துக் கட்டடத்தை ஆய்வு செய்தார்கள். வீட்டு வசதி தரும் அரசு அமைப்பின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேதியோடு போட்டோ எடுத்து, வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சரி செய்யாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள்.

கேள்வி: வீடு கிடைத்துவிட்டது. நாங்கள் பழைய வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு அதை போகியத்துக்கு விடலாமா?

பதில்: கூடாது. அடுத்த கடிதம் எழுதும் முன் சாவியை எடுத்துக்கொண்டு குடிபோங்கள்.