ஜூலை வரை கருவிழி காத்திருக்காது

கேள்வி: என் மகனுக்கு வயது 17, பிளஸ் 2 படிக்கிறான். இரு கண்ணிலும் கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய் இருக்கிறது. வலக் கண்ணுக்கு உடனே கிராஸ்லிங்கிங் என்ற, கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். கண்ணில் புற ஊதாக் கதிரைச் செலுத்துவார்களாம். உள்ள பார்வையும் போய்விடுமோ என்று தூக்கமே வரவில்லை. செய்த பிறகும் கண்ணாடி போட வேண்டுமாம். வைட்டமின் பி2 மாத்திரை சாப்பிட்டு வெயிலில் நின்றால் போதும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். தேர்வு, நீட், கவுன்சலிங் முடிந்து ஜூலையில் செய்யலாமா? அவனுக்குக் கண்ணில் எப்போதும் அரிப்பு. மருந்துக் கடையில் வாங்கிய சொட்டு மருந்தை 2 ஆண்டுகளாக விடுகிறோம். ஸ்கேன் அறிக்கையையும் குப்பியின் படத்தையும் இணைத்துள்ளேன்.
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ஜூலை வேண்டாம் அம்மா. இந்த மாதமே செய்துவிடுங்கள்.

பிப்ரவரியில் எடுத்த ஸ்கேனில் வலக் கருவிழியின் மிகச் செங்குத்தான இடத்தின் வளைவு 51.2 டயாப்டர். செப்டம்பரில் அதுவே 53.6. ஓர் ஆண்டில் 1 டயாப்டர் கூடினாலே நோய் வளர்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இவனுக்கு 7 மாதத்தில் 2.4 கூடியிருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியதாகவும், கருவிழியின் கோணலுக்காகக் கண்ணாடியில் சேர்க்கும் சிலிண்டர் பவர் இரண்டிலிருந்து நாலரைக்குப் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘நிறையப் படிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் ஏறும்’ என்றாராம் கண்ணாடிக் கடைக்காரர். படிப்பதால் கருவிழி கூம்பாகாது. இந்த வயதில் சிலிண்டர் இப்படித் தாவினால், கருவிழியை ஸ்கேன் செய்து பார்க்காமல் அடுத்த கண்ணாடிக்குச் சீட்டு எழுதவே கூடாது.

அந்தக் கதிருக்கு வருகிறேன். முதலில் கருவிழியின் மேல்தோலை அகற்றி, ரிபோஃப்ளேவின், அதாவது அதே வைட்டமின் பி2 சொட்டுகளை அரை மணி நேரம் விட்டு ஊறவைப்பார்கள். அந்த மருந்தில் ஊறிய கருவிழியே கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இருப்பவற்றுக்கு அதுதான் தடுப்புச் சுவர். அதற்கு, மேல்தோல் போக 400 மைக்ரான் கனமாவது வேண்டும். நல்ல கருவிழியின் நடுக்கனம் 540 மைக்ரான் அளவில் இருக்கும். உங்கள் மகனுக்கு மிக மெல்லிய இடத்தில் 468. மேல்தோலுக்கு ஏறத்தாழ 50 கழித்துப் பாருங்கள். ஜூலைக்குள் அந்தச் சுவர் இன்னும் மெலிந்தால், இன்று சாதாரணமாகச் செய்யக்கூடியதை மாற்று முறைகளில் செய்ய வேண்டி வரலாம். நீங்கள் கதிருக்குப் பயந்தே அவசரப்பட வேண்டும்!

இது நேற்று முளைத்த வைத்தியமும் அல்ல. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. முதல் நோயாளிகளின் முடிவுகள் 2003இல் வெளியாயின. மாத்திரை விழுங்கி வெயிலில் நிற்பவருக்கு உடம்பு கறுக்கும், அவ்வளவுதான்.

பிறகு எதற்குக் கண்ணாடி என்கிறீர்கள். கயிற்றுக் கட்டிலில் குறுக்குக் கயிறு தளர்ந்தால் நடுவில் தொய்யும். கருவிழியின் கொலாஜன் இழைகள் அப்படித் தளர்ந்திருக்கின்றன. இந்தச் சிகிச்சை குறுக்கே கட்டுப்போட்டு, மேற்கொண்டு தொய்யாமல் நிறுத்துகிறது. விழுந்த தொய்வை முழுதாக நிமிர்த்தாது. அதற்குக் கண்ணாடியோ, தனியாக அளவெடுத்துச் செய்யும் லென்ஸோ தேவைப்படும். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இருக்கிற கனத்தையும் அது செதுக்கிவிடும்.

அன்றே வீடு திரும்பலாம். முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கும், கண் கூசும், நீர் வடியும். குறைந்த வலி மறுபடி ஏறினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, பார்வை திடீரென மங்கினாலோ அன்றே ஓடுங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம். சில வாரங்களுக்கு அந்தக் கண் மங்கலாகத்தான் தெரியும். இடக் கண்ணை வைத்துப் படிக்கட்டும், மார்ச்சுக்கு நாள் இருக்கிறது.

இனி அந்தக் குப்பி. அது ஸ்டீராய்டு. சீட்டு இல்லாமல் விற்றவரையும், 2 ஆண்டு கேள்வி கேட்காமல் வாங்கியவரையும் என்ன சொல்வது? தொடர்ந்து விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறலாம், பார்வை நரம்பு வலியே இல்லாமல் கெடலாம், போனது திரும்பாது. கெரட்டோகோனஸ் முற்றினாலும் லென்ஸ் உண்டு, கருவிழி மாற்று உண்டு. நரம்புக்கு மாற்று கிடையாது. பார்வை போய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்குக் காரணம் தேடினால் இந்தக் குப்பியைத்தான் காட்டுவேன். நாளையே அதை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டி, கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது, அரிப்புக்கு வேறு என்ன விடுவது என்று அவர் சொல்வார். அரிப்பை அடக்காவிட்டால் கிராஸ்லிங்கிங் செய்த கண்ணையும் அவன் கசக்கிக் கெடுத்துக்கொள்வான்.

தங்கையும் விரல் முட்டியால் கண்ணைத் தேய்ப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவளையும் கூட்டிப்போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.