லீசிங் முடியட்டும், அப்புறம் ஒயில் மாற்றலாமா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐயா, இரண்டு வருடத்துக்கு முன் பழைய சுசுகி எவ்ரி வேன் ஒன்றை லீசிங்கில் எடுத்தேன். காலையும் மாலையும் ஹட்டனுக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன், இடையில் ஹயர் கிடைத்தால் போவேன். கடைசியாக ஒயில் மாற்றி 14,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. தவணை கட்டவே காசு இழுபறி. 'வண்டி இன்னும் முழுசா உன் பெயருக்கு வரல்லையே, லீசிங் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்கிறான் கூட்டாளி. இப்போது நோர்வூட் பக்கத்து வளைவுகளில் சிவப்பு ஒயில் லைட் மின்னி மின்னி அணைகிறது. என்ஜினின் உள்பக்கத்தைக் கழுவும் ஃபிளஷ் ஊற்றி ஒயில் மாற்றினால் சரியாகுமா? லீசிங் கம்பனிக்குத் தெரிந்தால் பிரச்சினை வருமா?"

முதலில் வேனை நிறுத்துங்கள். ஒயில் அளவைப் பார்க்காமல் நாளைக் காலைப் பயணம் போக வேண்டாம். ஒரு நாள் பிள்ளைகளை வேறு வண்டியில் அனுப்புவதால் பெற்றோரிடம் கேட்கும் பேச்சு, நடுவழியில் என்ஜின் இறுகி நின்றால் கேட்கப் போகும் பேச்சைவிடக் குறைவுதான்.

அந்தச் சிவப்பு லைட் ஒயில் குறைந்ததைக் காட்டுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது ஒயில் அழுத்தத்தை. அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமலே போன பிறகுதான் அது எரியும். எரியும் அந்த ஓரிரு விநாடியில் பேரிங்குகளுக்கும் கேம் தண்டுக்கும் ஒயில் போதாமல் உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கும். உங்கள் விஷயத்தில் அது வளைவில் மட்டும் மின்னுகிறது என்பது நல்ல துப்பு. வளைவில் திரும்பும்போது சம்ப்பில், அதாவது என்ஜினின் அடித்தட்டில், கிடக்கும் ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. அளவு குறைவாக இருந்தால் உறிஞ்சு குழாயின் வாய் வெளியே தெரிந்து, பம்ப் காற்றை இழுக்கிறது. அதாவது அளவு பார்க்கும் ஒயில் கம்பியின் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். இந்த என்ஜின் ஒயில் பில்டரோடு சேர்த்து மூன்று லீற்றர்கூடப் பிடிக்காது. அதில் ஒரு லீற்றர் எரிந்துபோனால் மிச்சம் என்ன என்று பாருங்கள்.

நேர் பாதையில், சூடான என்ஜின் ஐட்லில் நிற்கும்போது லைட் எரிந்து, அக்ஸலரேட்டர் மிதித்தால் அணைகிறதா? அப்படியானால் கதை வேறு. பேரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒயில் சக்தி இழந்து தண்ணீர்போல இளகியிருக்கலாம். அதையும் கவனித்துப் பாருங்கள்.

அளவு பார்ப்பதிலும் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. லயத்துக்கு முன்னால் சரிவில் நிறுத்திவிட்டு, முன் ஆசனத்தைத் தூக்கிக் கம்பியை இழுத்துப் பார்த்து "ஒயில் இருக்கு" என்று மூடிவிடுகிறோம். வேனின் மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்து அரை லீற்றர் கூடவும் காட்டும், குறையவும் காட்டும். பெற்றோல் ஷெட் தளம் போன்ற மட்டமான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து, கம்பியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால்தான் அளவு உண்மை.

14,000 கிலோமீட்டர் என்றால் சிலர் "பரவாயில்லை, பத்தாயிரம் வரை விடலாமே, கொஞ்சம்தான் கூட" என்பார்கள். கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் மேல் கியரில் ஓடும் ஒரு கிலோமீட்டரும், நோர்வூட்டிலிருந்து இரண்டாவது கியரில் ஏறும் ஒரு கிலோமீட்டரும் மீற்றரில் ஒன்றுதான். என்ஜினுக்கு ஒன்றல்ல. அதே ஒரு கிலோமீட்டருக்கு இரண்டாவது கியரில் அது இரண்டு மடங்குக்கும் மேல் சுற்றுகிறது, அதுவும் 660 சிசி என்ஜின், பிள்ளைகளும் புத்தகப் பைகளும் நிறைந்த பாரத்தோடு. ஜப்பானிய கம்பனிகளின் கையேடுகளே ஏற்ற இறக்கப் பாதை, குறுந்தூர ஓட்டம் இரண்டையும் கடினப் பாவனை என்று வகைப்படுத்தி, ஒயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்கின்றன. உங்கள் 14,000 அந்தக் கணக்கில் எவ்வளவு என்று நானே சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் மலையகத்தில் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. டர்போ உள்ள வேன் என்றால் அதிலும் குறையுங்கள்.

பழைய ஒயிலில் நடப்பது வெறும் கறுப்பாதல் அல்ல. அழுக்கைக் கழுவித் தன்னுள்ளே மிதக்க வைக்கும் இரசாயனங்களும், தேய்மானத்தைத் தடுக்கும் சேர்க்கைகளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகின்றன. அதன் பிறகு கரி படிந்து தார்போலக் கெட்டியாகும். பில்டர் அடைத்தால் அதிலுள்ள பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஒயிலே சுற்றத் தொடங்கும். இந்த என்ஜினில் கேம் தண்டைச் சுற்றவைப்பது டைமிங் பெல்ட் அல்ல, செயின்தான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்வதும் ஒயில் அழுத்தத்தில்தான். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் முன்பக்கம் "கரகர" என்று ஒரு சத்தம் கேட்டு அடங்குகிறதா? அது செயினாக இருக்கலாம்.

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் போய் ரேடியேட்டர் தண்ணீர் ஒயிலில் கலந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பனிக்காலையில் குறுந்தூரம் ஓடி, முழுச் சூடு ஏறாமல் அணைக்கும் வண்டிகளில் ஈரப்பதம் தங்கி அப்படி ஆகும். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போனால்தான் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். நுரைக்குப் பதில் கறுத்த களிம்பு இருந்தால், அது ஒயில் மாற்றாததன் கையெழுத்து. இன்னொன்று: நீண்ட இறக்கத்தில் கியரில் இறங்கிவிட்டு, கீழே வந்து அக்ஸலரேட்டர் மிதிக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் வால்வு சீல் அல்லது ரிங் வழியாக ஒயில் உள்ளே போய் எரிகிறது. ஒயில் குறைந்ததற்கான காரணமும் அதுவாக இருக்கலாம். வருடாந்த புகைப் பரிசோதனையிலும் அது உங்களைப் பிடிக்கும்.

ஃபிளஷ் வேண்டவே வேண்டாம். இவ்வளவு நாள் மாற்றாத என்ஜினில் ஃபிளஷ் ஊற்றினால், சுவரில் ஒட்டியிருந்த களிம்பெல்லாம் ஒரேயடியாகக் கழன்று வந்து, சம்ப்பிலுள்ள சல்லடையை அடைத்துவிடும். அப்போது புது ஒயில் இருந்தும் அழுத்தம் இருக்காது. அதைவிட மெதுவான வழி நல்லது. என்ஜினைச் சூடாக்கி ஒயிலை வடியுங்கள், பில்டரையும் ஒயில் வடிக்கும் போல்ட்டின் வாசரையும் புதிதாகப் போடுங்கள், 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி மாற்றுங்கள். மூன்றாவது தடவை அதிலிருந்து 3,000 ஓடியதும். அதன் பிறகு வழக்கமான 5,000. புது ஒயிலே களிம்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து எடுத்துவிடும்.

வடிந்த ஒயிலை வெள்ளைத் துணியில் தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பு பிரச்சினையில்லை. மினுமினுவென வெள்ளித்தூளோ செம்பு நிறத் துகளோ தெரிந்தால் பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது. சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் ஓடாதீர்கள். துகள் இல்லாவிட்டாலும், சரியான அளவு ஊற்றிய பிறகும் லைட் மின்னினால் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவத்தான் வேண்டும்.

ஒயில் கடையில் எல்லாவற்றுக்கும் 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை நீட்டுவார்கள். கையேட்டில் அதைவிட மெல்லிய 5டபிள்யூ-30 என்றிருந்தால் அதையே கேளுங்கள். குளிர் காலையில் தடித்த ஒயில் மேலே ஏறுவதற்குள் தேய்மானம் நடந்துவிடும். தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் குறையும் என்பது உண்மை. பழைய வண்டி விற்பவர்கள் அதற்காகத்தான் ஊற்றுகிறார்கள். கழிவு ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். அது கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும்.

சரி, லீசிங் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கூட்டாளி கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். வாகனப் பதிவுச் சான்றான சிஆர் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருப்பது உண்மை. ஆனால் பராமரிப்புப் பொறுப்பு உங்களுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், எடுத்துப் படியுங்கள். ஒயிலைப் பிந்தி மாற்றியதற்காக யாரும் வந்து வண்டியைப் பிடிக்கப் போவதில்லை. அவர்கள் பார்ப்பது தவணையையும் இன்ஷூரன்ஸையும்தான். என்ஜின் போனாலோ, தவணை நிற்காது, வருமானம் நின்றுவிடும். இரண்டு மூன்று தவணை தவறி வண்டியைப் பிடித்துக்கொண்டு போனால், என்ஜின் போன வேன் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும்? குறைகிற காசை உங்களிடமும், உங்களை நம்பிப் பிணைக்குக் கையெழுத்துப் போட்டவர்களிடமும் கேட்பார்கள். அதில் ஒருவர் மாமாவோ மச்சானோவாக இருப்பார், அதுதான் நம் ஊர் வழக்கம்.

முழுக் காப்புறுதி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் சேராது. வேறு என்ஜின் ஏற்றிவிடலாம் என்பதும் அவ்வளவு லேசில்லை. என்ஜின் இலக்கம் சிஆர் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதற்கு லீசிங் கம்பனியின் சம்மதக் கடிதம் வேண்டும். என்ஜின் விஷயத்தில் கம்பனிக்கு நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

காசு இழுபறி என்றால் முதலில் ஒயிலும் பில்டரும் மட்டும் போடுங்கள். சம்ப் கழற்றும் வேலையை, துகள் இல்லாமலும் லைட் எரியாமலும் இருந்தால், பாடசாலை விடுமுறைக்குத் தள்ளலாம். ஒவ்வொரு தடவையும் பில்லை வாங்கி, மீற்றர் அளவை அதிலேயே எழுதி வையுங்கள். நடுவில் லீசிங்கோடு வேனைக் கைமாற்ற வேண்டி வந்தால், வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.