எந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு?

அன்புள்ள ஐயா,

தொல்லியலில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நெறியாளர் அடிக்குறிப்பு போடச் சொல்கிறார். ஆய்விதழ்களோ அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கேட்கின்றன. எது சரி? முந்தின குறிப்பின் நூலையே மீண்டும் சுட்ட 'மேலது' என்று போடுவது இன்னும் வழக்கில் உண்டா? மாதிரிக்கு ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன்.

த.

அன்புள்ள த.,

அடிக்குறிப்பா அடைப்புக்குறியா என்பதற்கெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்பவர் கேட்கிறபடி கொடுங்கள், கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி இருக்கட்டும். என்னை நிறுத்தியது நீங்கள் இணைத்த பக்கத்தின் ஒரு வரி: "உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 919) வாரிய உறுப்பினருக்கு 35 முதல் 70 வரை என வயதை வரையறுக்கிறது." அடியில், 'கல்வெட்டு ஆண்டறிக்கை, 1898'.

எந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு? குடவோலை பற்றி அங்கே முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. ஒன்று 12ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919. மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. முதலாவதில் வயது 30க்கு மேல், 60க்குள். நீங்கள் சொல்லும் 35, 70 இரண்டாவதில்தான் வருகிறது. இரண்டே ஆண்டில் சபை தன் விதியைத் திருத்தியிருக்கிறது, அம்மா! ஏன் திருத்தினார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. ஒன்றின் ஆண்டையும் மற்றதன் வயதையும் ஒட்டவைத்து அந்தக் கேள்வியையே மூடிவிட்டீர்கள்.

ஆண்டறிக்கையை நீங்கள் திறக்கவில்லை. திறந்திருந்தால் 1898ஆம் ஆண்டின் 1, 2 என்று இரு எண்கள் கண்ணில் பட்டிருக்கும். யாரோ போட்ட அடிக்குறிப்பைப் பிடுங்கி உங்கள் பக்கத்தில் நட்டிருக்கிறீர்கள். அப்படியே திறந்திருந்தாலும் அது போதாது. ஆண்டறிக்கை ஒரு பதிவேடு மாதிரி: ஊர், கல் இருக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு, சில வரிகளில் சாரம். முழு வாசகத்துக்கு 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளுக்குப் போக வேண்டும். அங்கே கல்வெட்டின் தலைப்பிலேயே ஆண்டறிக்கை எண்ணும் இருக்கும், பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கல்வெட்டுகளை மட்டும் கல்வெட்டறிஞர் வெங்கய்யா மத்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆக, குறிப்பில் ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு, ஆண்டறிக்கை எண், வாசகம் கண்ட தொகுதி, அதில் கல்வெட்டு எண், வரி எண். பக்க எண்ணை விட வரி எண் பெரிது. ஐம்பது வரிக் கல்வெட்டில் உங்கள் சொல் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூலம் கைக்குக் கிடைக்கவில்லையா? 'இன்னார் நூலில், இத்தனையாம் பக்கத்தில் எடுத்தாண்டபடி' என்று எழுதுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. நூலகம் தொலைவில் இருப்பது உங்கள் தப்பல்ல. பார்க்காததைப் பார்த்ததுபோல் எழுதினால் அது பொய்க்கணக்கு.

கீழடிப் பத்தியில் 'கி.மு. 580' என்று ஒற்றை எண்ணை வைத்து நாளிதழைக் காட்டியிருக்கிறீர்கள். நாளிதழை விடுங்கள், தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 வெளியீட்டைக் காட்டுங்கள். கரிமக் கணிப்பு என்றால் குழி, ஆழம் (இங்கே 353 செ.மீ.), மாதிரி என்ன பொருள், ஆய்வகம் இட்ட எண், திருத்தாத வயதும் அதன் கூட்டல் கழித்தலும், எந்தத் திருத்த வளைவு (அளந்த கரிம வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் கோடு), உண்மையான ஆண்டு 95 விழுக்காடு வாய்ப்புடன் அடங்கும் வீச்சு எல்லாம் வேண்டும். வளைவு 2013இல் ஒன்று வெளியானது, 2020இல் ஒன்று. திருத்தாத வயது தெரிந்தால்தான் நாளை இன்னொருவர் புது வளைவில் போட்டுப் பார்க்க முடியும். அதிலும் கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அந்த வளைவு ஏறக்குறைய தட்டை. ஒரே அளவீடு சில நூற்றாண்டுகளுக்குப் பொருந்திவிடும். ஒற்றை எண் அங்கே ரொம்ப ஆபத்து.

மத்தியத் தொல்லியல் துறையின் ஆண்டு மதிப்பாய்வில் தலைப்பிலுள்ள ஆண்டு களப்பணி ஆண்டு, அச்சான ஆண்டு வேறு. இரண்டையும் போடுங்கள்.

'மேலது' பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வரைவு முடியும்வரை போடாதீர்கள். நடுவில் ஒரு புதுக் குறிப்பை நுழைத்தால் கீழே உள்ள 'மேலது' அதைப் பற்றிக்கொள்ளும், பராந்தகனுக்குச் சொன்னது கீழடிக்குப் போய்விடும். சுருக்கப் பெயரும் எண்ணும் எழுதிவைத்து, அச்சுக்குப் போகும் அன்று மாற்றுங்கள்.