மாதம் மாறி வந்த வலி

கேள்வி: டாக்டர், எனக்கு 43 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பதினோரு வருடமாக க்ளஸ்டர் தலைவலி, அதாவது சில வாரம் கொத்தாக வந்து பிறகு மறைந்துவிடும் ஒருபக்கக் கடும் வலி. தை பிறந்தால் வரும், பங்குனிக்குள் போய்விடும். இடது கண்ணுக்குப் பின்னால், இரவு ஒன்றரை மணிக்கு, அலாரம் வைத்த மாதிரி. ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இருப்பேன். இன்ன நோய் என்று தெரிவதற்குள் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. மார்கழிக் கடைசியில் வலியைத் தடுக்கும் வெரபமில் மாத்திரை தொடங்கினால் ஓரளவு சமாளிப்பேன். இந்த வருடம் தையும் மாசியும் சும்மா போயின. விட்டது சனி என்று மாத்திரையை நிறுத்தினேன். ஆவணியில் வந்து நிற்கிறது, அதுவும் வலது பக்கம்! இரவில் மட்டுமல்ல, மாலை நான்கு மணிக்கும். பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கி, கடைசியாகச் சாப்பிட்ட 480 மில்லிகிராமையே நேராக ஆரம்பித்தேன். மூன்று நாளாகியும் கேட்கவில்லை. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் மெஷினும் உதவவில்லை. இது வேறு ஏதாவது வியாதியா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: வியாதியைப் பற்றி அப்புறம் பேசலாம். நாளைக் காலை முதல் வேலையாக ஒரு ஈசிஜி எடுங்கள். வெரபமில் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைத் தாமதப்படுத்தும் மருந்து. அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி, ஈசிஜி பார்த்துப் பார்த்து ஏற்றுகிறோம். போன வருடம் தாங்கியது என்பதற்காக இந்த வருடம் முதல் நாளே 480-ல் குதிக்கக் கூடாது. ஈசிஜியோடு உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், அளவை அவர் முடிவு செய்யட்டும். தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் நாளை வரை காத்திருக்காமல் இன்றே போங்கள். மூன்று நாளில் கேட்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. இந்த மருந்துக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சில நாள் ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. அதையும் அவர்தான் சொல்ல வேண்டும், மருந்துக்கடைக்காரர் அல்ல.

சரி, மாதம் மாறியது. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அங்கேதான். 1998-ல் லண்டனில், வலி வந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளை ஸ்கேன் செய்தபோது அந்த இடம் உயிர்பெற்று எரிவதைப் பார்த்தார்கள். உங்கள் ஒன்றரை மணி அலாரம் அங்கிருந்து அடிப்பதுதான். ஆனால் அந்தக் கடிகாரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பருவம் தள்ளிப்போவதும், ஒரு வருடம் வராமலே இருப்பதும் இந்த நோயில் சகஜம். சிலருக்குப் பக்கமும் மாறும். ஆகவே, இனி மார்கழியை எதிர்பார்க்காதீர்கள். எந்த மாதமானாலும் முதல் வலி வந்த அன்றே மருத்துவருக்குப் போன் போட வேண்டும்.

அதற்காக எல்லா மாற்றத்தையும் சகஜம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். பக்கம் மாறியிருப்பதால் ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு வலி எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று இப்போது அளந்தீர்களா? பத்து, பதினைந்து நிமிடத்தில் அடங்கி, ஒரு நாளில் ஐந்தாறு தடவைக்கு மேல் வந்தால், இதே முகத்தோடு வரும் வேறொரு தலைவலியாக இருக்கலாம். அதற்கு இண்டோமெதசின் என்ற மருந்து கேட்கும், வெரபமில் அல்ல. இரண்டு வலிகளுக்கு நடுவிலும் வலி விடாமல் இருந்தால், பார்வை மங்கினால், கை கால் தளர்ந்தால், காய்ச்சல் சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவு. அங்கே ‘ஒற்றைத் தலைவலி’ என்று சொல்லிவிடாதீர்கள். மைக்ரேன் என்று எடுத்துக்கொண்டு இருட்டறையில் படுக்கச் சொல்வார்கள். படுக்க முடியாத வலி உங்களுடையது.

ஆக்சிஜன் விஷயத்தில் குறை மெஷினிடம்தான். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர்தான் தரும். உங்களுக்கு வேண்டியது 12 முதல் 15 லிட்டர், பை வைத்த மாஸ்க்கில், மூக்குக் குழாயில் அல்ல. வலி தொடங்கியதும் உட்கார்ந்து கால் மணி நேரம் இழுக்க வேண்டும். மருத்துவரிடம் சீட்டு வாங்கி சிலிண்டர் வாடகைக்கு எடுங்கள். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஒரு தடவைக்கு 180 லிட்டர் என்றால் எட்டு தடவைக்கு வரும், அதாவது உங்கள் கணக்கில் நான்கு நாள். டி டைப்பில் 7,000 லிட்டர். தூக்க முடியாது, ஆனால் உங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. வலிப் பருவம் முடியும்வரை மதுவும் வேண்டாம், ஒரு கிளாஸ் போதும் வலியைக் கூப்பிட.

மாலை நான்கு மணியைச் சூப்பர்வைசரிடம் சொல்லிவையுங்கள். கண் நீர் வழியும்போது கட்டிங் மெஷினில் கை வைக்கக் கூடாது. வலி வரும்போது இமை தொங்குகிறதா, எந்தக் கண் சிவக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. உங்கள் மனைவியை மொபைலில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது ஈசிஜியோடு அதையும் காட்டுங்கள்.