வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்!
உலோகப் பொம்மை விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

பழைய டைகாஸ்ட் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த) பொம்மை விமானங்களைப் பற்றி வந்த கடிதங்களில் முக்கால்வாசி நிறத்தில்தான் தொடங்குகின்றன. "நீலமும் வெள்ளையும்", "வெள்ளி நிறம், சிவப்புக் கோடு" என்று. சின்ன வயதில் கண்ணில் ஒட்டுவது நிறம்தான், ஆனால் அடையாளம் காண அதைப் போல ஏமாற்றும் குறிப்பு வேறில்லை. ஒரே அச்சில் வார்த்த விமானத்துக்குப் பத்து நிறம் அடித்து விற்றிருக்கிறார்கள். என்ஜின் எத்தனை, எங்கே இருக்கிறது, இறக்கை முனைக்கு முனை எத்தனை மில்லிமீட்டர், அடியில் என்ன எழுத்து: இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: 1970களின் கடைசியில் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும். சிவப்பும் வெள்ளையும். இறக்கைகளின் கீழே இரண்டு என்ஜின், வாலில் ஒன்று. இப்போது கையில் இல்லை. எந்தப் பெயரில் தேடுவது?

மூன்று என்ஜின் என்று நினைவு வைத்திருந்தீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1973-ல் 'மேட்ச்பாக்ஸ் ஸ்கை பஸ்டர்ஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. அதில் எஸ்.பி-13 என்ற எண்ணுள்ளது டிசி-10 என்ற பயணிகள் விமானம். ஸ்விஸ்ஏர் நிறுவனத்தின் சிவப்பு, வெள்ளையில் வந்தது. வால் சிவப்பாக, அதில் வெள்ளைச் சிலுவை இருந்ததாக ஞாபகம் வந்தால் அதேதான்.

வால் என்ஜினை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். டிசி-10-ல் அது வால் துடுப்பின் நடுவே குழாய் செருகியதுபோல நேராக நிற்கும். ஏர் லங்கா ஓட்டிய ட்ரைஸ்டாரும் மூன்று என்ஜின்தான். ஆனால் அதில் காற்று நுழையும் வாய் துடுப்பின் அடியில், முதுகின்மேல் இருக்கும். என்ஜின் உடலின் கடைக்கோடியில் ஒளிந்திருக்கும்.

விற்பனைக்கு வந்ததைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். வரிசையின் பெயர், எஸ்.பி எண், விமானத்தின் பெயர், ஆண்டு எல்லாம் அடியில் வார்த்திருக்கும். 1973 என்று இருப்பதால் அது 1973-ல் செய்தது என்று ஆகிவிடாது. அது அச்சு வடிவத்தின் உரிமை ஆண்டு. அதே அச்சில் பல ஆண்டுகள் வார்த்தார்கள். லெஸ்னி 1982-ல் நொடித்துப்போய், ஹாங்காங்கின் யுனிவர்சல் நிறுவனம் மேட்ச்பாக்ஸை வாங்கியது. பிறகு மக்காவ், சீனா, தாய்லாந்து என்று ஊர்ப்பெயர்கள் வரத் தொடங்கின. உங்கள் காலத்துப் பொம்மை வேண்டுமென்றால் 'லெஸ்னி', 'இங்கிலாந்து' இரண்டு சொல்லும் அடியில் இருக்க வேண்டும். 'டைனா-ஃப்ளைட்ஸ்' என்று இருந்தால் அது ஸீ டாய்ஸ் என்ற பெயரில் ஹாங்காங்கில் செய்தது. அதுவும் அந்தக் காலத்துப் பொம்மைதான், ஆனால் சித்தப்பா வாங்கியது அதுவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

குன்னூர் வாசகி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் டிங்கி என்ற இங்கிலாந்துப் பொம்மை வரிசையின் விமானம் ஒன்று கிடைத்தது. இறக்கைகள் தொங்குகின்றன, மேலெல்லாம் வெடிப்பு. முதுகில் யாரோ துளை போட்டிருக்கிறார்கள். ஒட்டிச் சரிசெய்யலாமா?

துளையிலிருந்து தொடங்குவோம். அதை யாரும் போடவில்லை, தொழிற்சாலையிலேயே வந்தது. 1930களின் பிற்பகுதியில் லிவர்பூல் பின்ஸ் ரோடு ஆலையிலிருந்து வந்த டிங்கி விமானங்கள் பலவற்றில் முதுகில் இப்படி ஒரு துளை இருக்கும். அதில் ஒரு முளையைச் செருகி, சாய்வாகக் கட்டிய நூலில் விமானத்தைச் சறுக்கவிட்டு 'தரையிறக்கும்' விளையாட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவற்றில் துளை கிடையாது. ஆகவே உங்களுடையது போருக்கு முந்தியது. வெடிப்புக்கும் அதுவே காரணம் சொல்லிவிடுகிறது.

இந்தப் பொம்மைகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. சுமார் 4 சதவீதம் அலுமினியம், மிச்சமெல்லாம் பெரும்பாலும் துத்தநாகம். கலவை மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பின்னாளில் வந்த கணக்கு. அந்நாளில் உருக்கும்போது துளி ஈயமோ வெள்ளீயமோ கலந்துவிட்டால், அது உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றிலுள்ள ஈரம் பட்டுப் பட்டு அந்த இடுக்குகள் அரிக்கும், உலோகம் உள்ளிருந்து உப்பும். நீளமான, மெல்லிய இறக்கைதான் முதலில் வளையும். பிறகு வெடிக்கும், கடைசியில் பிஸ்கட் போல உதிரும். சேகரிப்பாளர்கள் இதைத் துத்தநாக நோய் என்பார்கள். பெயர்தான் நோய், பக்கத்துப் பொம்மைக்குத் தொற்றாது. மருந்தும் கிடையாது. மேலே வார்னிஷ் அடிப்பதால் உள்ளே நடப்பது நிற்காது.

எல்லா வெள்ளைப் பொடியும் இந்த நோய் அல்ல. உலர்ந்த மென்துணியால் துடைத்ததும் பொடி போய், அடியில் வழவழப்பாக இருந்தால் அது வெறும் மேல்துரு. வெடிப்பு வலைபோல ஓடி, அதன் வழியே பெயிண்ட் கொப்பளித்து, உருவமும் மாறியிருந்தால்தான் நோய். ஒரு பக்க இறக்கை மற்றதைவிட 2 மி.மீ. நீண்டிருப்பதைக்கூட அளந்து பார்க்கலாம்.

ஒட்டுவதானால் உடைந்து தனியாக வந்த துண்டை மட்டும் எபாக்சி பசையால் அழுத்தாமல் ஒட்டுங்கள். உள்ளே கம்பி செருகத் துளையிட வேண்டாம், துளையிடும் அழுத்தத்திலேயே பிளந்துவிடும். வளைந்த இறக்கையை நிமிர்த்த முயலவே கூடாது. சக்கரத்தில் நிறுத்தாமல், உடலும் இரு இறக்கைகளும் படியும்படி வெட்டிய நுரைப் பஞ்சில் படுக்கவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்தால், நோய் நின்றுவிட்டதா ஓடுகிறதா என்று தெரியும்.

கும்பகோணம் வாசகி: விமானம் கறுத்துவிட்டது. பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் துலக்கலாமா?

கூடவே கூடாது. துத்தநாகத்தைப் புளிப்பும் தின்னும், காரமும் தின்னும். புளி, எலுமிச்சை, வினிகர், காஸ்டிக் சோடா, பித்தளைப் பாலிஷ் எதுவும் ஆகாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு, மென்மையான தூரிகை, அவ்வளவுதான். தூரிகையை நனைத்து உதறிவிட்டுத் தேயுங்கள். எழுத்தும் சின்னமும் இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள், அவை நீரில் ஊறினால் பெயர்ந்து வரும். மேலே சொன்ன நோய் உள்ள பொம்மைக்கு நீரே காட்ட வேண்டாம்.

சென்னை வாசகர்: டிங்கியின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம், மாடல் எண் 719. பேட்டரி போட்டால் காற்றாடி சுற்ற வேண்டும், சுற்றவில்லை. பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சையாகவும் வெள்ளையாகவும் படிந்திருக்கிறது.

1969-ல் வந்த மாடல் இது. பேட்டரியை எடுக்காமல் அலமாரியில் வைத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். மோட்டார் போயிருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பேட்டரி தொடும் தகட்டில்தான் கோளாறு.

முதலில் பல்குச்சியால் உலர்ந்த படிவைச் சுரண்டி வெளியே தட்டுங்கள். பிறகு கசிந்தது எந்த வகை என்று பார்க்க வேண்டும். பழைய சாதாரண பேட்டரி (துத்தநாக–கார்பன்) கசிவு அமிலம். சமையல் சோடாவை நீரில் கரைத்துப் பஞ்சுக்குச்சியால் தகட்டில் மட்டும் தடவுங்கள். அல்கலைன் பேட்டரி என்றால் கசிவு காரம், அதற்கு ஒரு சொட்டு வினிகர். இரண்டிலும் குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. வினிகர் உலோக உடலில் பட்டால் அந்த இடம் அரித்துப்போகும். உடனே தண்ணீர்க் குச்சியால் துடைத்து, உலர்த்தி, தகட்டை மிக மெல்லிய உப்புத்தாளால் நான்கு இழுப்பு. பிறகு புது பேட்டரி. அப்போதும் சுற்றவில்லை என்றால் காற்றாடியை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். கெட்டியாகிப்போன எண்ணெயை அது விடுவிக்கும். சுற்றிப் பார்த்த கையோடு பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது காற்றாடி வெறுமனே கையால் சுற்றுகிற வகை என்றால் அது 741, பின்னாளில் மோட்டார் இல்லாமல் வந்தது. இதே வரிசையில் வந்த ஸ்டூகா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம், எண் 721-ன் வயிற்றில் ஒரு குண்டு இருக்கும். அதில் பொட்டு வெடி வைத்துக் கீழே போடலாம். வெடித்த குண்டைக் கழுவாமல் வைத்தால் மருந்தின் உப்பு ஈரம் இழுத்துக் கம்பிச் சுருளைத் துருப்பிடிக்க வைக்கும். ஸ்டூகாக்களில் பாதிக்குக் குண்டே இருக்காது என்பது வேறு விஷயம்.

ஈப்போ வாசகர்: நூலில் கிண்ணம் போல ஒன்று தொங்கும் பெரிய ஹெலிகாப்டர் எது?

டிங்கி 724, சீ கிங். தொங்குவது கிண்ணம் அல்ல, கடலில் விழுந்த அப்போலோ விண்கலம்.

மதுரை வாசகர்: அடியில் 'நிக்கி டாய்ஸ், மேட் இன் இண்டியா' என்று இருக்கிறது. டிங்கி மாதிரியே இருக்கிறதே, போலியா?

போலி அல்ல. லிவர்பூலில் ஓய்வு கொடுத்த டிங்கி அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே வார்த்தவை. அச்சு தேய்ந்துபோனதால் ஓரங்களில் பிசிறு இருக்கும், பெயிண்டும் தடிமனாக இருக்கும். அதைச் சுரண்டி அழகுபடுத்தாதீர்கள்.

கோவை வாசகர்: இணையத்தில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

விற்பவர் எப்போதும் மேலிருந்து எடுத்த படத்தைத்தான் போடுவார். அடிப்பக்கம், இறக்கை உடலோடு சேரும் இடம், காற்றாடியைப் பிடித்திருக்கும் ரிவெட் (தலை தட்டிய ஆணி) ஆகிய மூன்றுக்கும் அருகில் எடுத்த படம் கேளுங்கள். தரத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள்.

அடியில் வார்த்த எழுத்துகளின் பள்ளத்தில் பெயிண்ட் தேங்கி மங்கியிருந்தால் மறுபெயிண்ட். ரிவெட் தலையைத் துளைபோட்டு எடுத்துவிட்டுத் திருகாணி போட்டிருந்தால் பிரித்து மாட்டியது. பெயிண்ட் தேய்ந்திருக்க, ஸ்டிக்கர் மட்டும் நேற்று ஒட்டியதுபோல மின்னினால் அது புது ஸ்டிக்கர். மாற்றுக் காற்றாடி, மாற்றுச் சக்கரம் எல்லாம் தனியாக விற்கிறார்கள். போட்டிருப்பது குற்றமல்ல, சொல்லாமல் விற்பதுதான்.

போருக்கு முந்திய பெட்டி என்று சொன்னால், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். வெளிர்நீலமாக ஒளிர்ந்தால் பின்னாளில் செய்த காகிதம். வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்தில் சேர்ந்தது போருக்குப் பிறகுதான். 1970களின் பெட்டிக்கு இந்தச் சோதனை உதவாது.

டிங்கியின் ஏவ்ரோ வல்கன் குண்டுவீச்சு விமானம் என்று யாராவது காட்டினால் தராசை எடுங்கள். 1950களின் நடுவில் கனடாவுக்காகச் செய்தது. ஏறக்குறைய 500 என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அது அலுமினியத்தில் வார்த்தது. அதே அளவு துத்தநாகக் கலவையின் எடையில் பாதிகூட இருக்காது. கனமாக இருந்தால் நகல்.

அனுப்பச் சொல்லும்போது, குமிழித்தாளை நேரடியாகச் சுற்றாமல் முதலில் மெல்லிய டிஷ்யூ தாள் சுற்றச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்த பார்சலில் பழைய பெயிண்ட் மேல் குமிழி வட்டங்கள் அப்படியே பதிந்துவிடும்.

தூத்துக்குடி வாசகர்: கடற்கரை ஊர். எப்படிப் பாதுகாப்பது?

மூடியுள்ள கண்ணாடி அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். தெர்மோகோல் மேல் ரப்பர் போன்ற மென்பிளாஸ்டிக் சக்கரங்களை வைத்தால் ஒன்றோடொன்று உருகி ஒட்டும். செய்தித்தாள் சுற்றாதீர்கள். அந்துருண்டை போட்ட பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள், விமானியின் கண்ணாடிக் கூண்டு அந்த ஆவியில் இளகி மங்கிப்போகும். சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் ரோஜா நிறத்துக்கு மாறினால், மின்சார ஓவனில் 110 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் மறுபடி நீலமாகிவிடும். சமையலுக்கு வைக்கும் தட்டில் மட்டும் வேண்டாம்.