செயின்ட் ஜெர்மெயின் பிரபுவை ஐந்து முறை பார்த்ததாக எழுதியவர் யார்?

கேள்வி இது: "பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட்டின் அரண்மனைத் தோழியான அதேமார் சீமாட்டி, 1784இல் இறந்துவிட்டதாகச் சொல்லப்படும் செயின்ட் ஜெர்மெயின் பிரபுவை அதற்குப் பிறகும் பல முறை நேரில் பார்த்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அரண்மனையிலேயே இருந்தவர் எழுதியதை எப்படி மறுப்பது?"

செயின்ட் ஜெர்மெயின் பிரபு பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில் உலவிய மர்ம மனிதர், சாவே இல்லாதவர் என்று பேர் எடுத்தவர். அவரைப் பார்த்ததாக அரண்மனையில் இருந்தவர் எழுதியிருந்தால் மறுப்பது கஷ்டம்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை எழுதியது அந்த அம்மா இல்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நானும் பல வருடங்கள் அதை நம்பியவள்.

என் பெரியப்பா பிரம்மஞான சபைக்காரர். ஞாயிறு தவறாமல் அடையாறு போய்விட்டு வருவார். அவர் அலமாரியில் இசபெல் கூப்பர்-ஓக்லி 1912இல் வெளியிட்ட செயின்ட் ஜெர்மெயின் வரலாறு இருந்தது. அன்னி பெசன்ட் முன்னுரை எழுதிய புத்தகம். பெரியப்பா அதை எடுத்து வைத்துக்கொண்டு, "நம்ம போகர் மாதிரிதான் இவரும், உடம்பை விட்டுவிட்டு மறுபடி வருவார்" என்று சொல்வார். எனக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும், அப்படியே நம்பினேன். அந்தப் புத்தகத்தில் பிரபுவின் மரணத்துக்குப் பிந்தைய காட்சிகளுக்குப் பெரிய ஆதாரமாக நிற்பது நீங்கள் கேட்கும் இதே அதேமார் சீமாட்டியின் நூல்தான். இன்றைக்கு இணையத்தில் உலவும் "சாகாத பிரபு" கட்டுரைகளில் பெரும்பாலானவற்றைப் பின்தொடர்ந்து போனாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

பிற்பாடு என் பிழைப்பே அடுத்தவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுப்பது என்று ஆனது. ஓய்வு பெற்றவர்கள் பேசுவார்கள், நான் பதிவு செய்து, கோத்து, அவர்கள் பெயரில் புத்தகமாக்கிக் கொடுப்பேன். என் பெயர் எங்கும் இருக்காது. அந்த வேலையில் சில வருடங்கள் ஓடியபிறகு பெரியப்பாவின் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் உறுத்தியது. அதில் வரும் சீமாட்டியின் பகுதிகளில் தெரிவது நினைவிலிருந்து எழுதிய கை இல்லை, என்னைப் போல இன்னொருவருக்காக உட்கார்ந்து எழுதிய கை என்று பட்டது.

முதலில் அந்த ஐந்து சந்திப்புகளைப் பாருங்கள். 1789இல் ஒரு தேவாலயத்தில் பிரபு அவரைச் சந்தித்து, இன்னும் ஐந்து முறை என்னைப் பார்ப்பாய் என்று சொன்னதாகக் கதை. அதன்படி எப்போதெல்லாம் பார்த்தாராம்? அரசி கொல்லப்பட்டபோது (1793). நெப்போலியன் ஆட்சியைப் பிடித்த 1799 நவம்பர் வாக்கில். அரச வம்சத்தைச் சேர்ந்த ஆங்கியான் கோமகன் சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் (1804). 1813 ஜனவரியில், அதாவது நெப்போலியனின் படை ரஷ்யாவில் நாசமாகித் திரும்பிய கையோடு. கடைசியாக, அதே வம்சத்துப் பெரி கோமகன் கத்திக்குத்துப் பட்டதற்கு முந்தின நாள் (1820). ஐந்துமே பிரெஞ்சு வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் வரும் நாட்கள்.

உண்மையாக நினைவுகூர்பவர்கள் இப்படிப் பேசுவதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பெரியவருக்காக எழுதினேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி புயல் அடித்தபோது அவர் மானாமதுரையில் பணியில் இருந்தவர். நான் ஆவலோடு அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருந்தது என்ன தெரியுமா? அன்றைக்குத்தான் முதல் முறையாகப் போட்ட புதுச் செருப்பு ஊறிப்போனது, அதை அரிக்கேன் விளக்குக்கு மேலே கயிற்றில் கட்டிக் காயவைத்தது, தோல் வெந்த வாசனை. பயணிகள் ரயிலை அலை அடித்துக்கொண்டு போன செய்தி பிறகு வந்ததாம். எத்தனை மணிக்கு, யார் சொன்னார்கள், எதுவும் நினைவில்லை. அவர் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா அன்றைக்குப் பாம்பனில் இருந்ததாகப் போட்டுவிடலாமே, படிக்கிறவர்களுக்கு விறுவிறுப்பாக இருக்குமே" என்றார். நான் மறுத்துவிட்டேன். செருப்பு புத்தகத்தில் இருக்கிறது, பாம்பன் இல்லை. அதேமார் சீமாட்டியின் நூல் முழுக்கப் பாம்பன்தான், செருப்பைக் காணவே காணோம்.

அடுத்தது அந்தக் குண்டூசி. ஐந்து சந்திப்புகளும் நூலின் ஓட்டத்தில் வருவதில்லை, அடிக்குறிப்பில் வருகின்றன. அது சீமாட்டி தன் கைப்பட எழுதிய சீட்டு என்றும், மூலக் கையெழுத்துப் படியோடு குண்டூசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தது என்றும், தேதி 1821 மே 12 என்றும், 1822இல் அவர் இறந்தார் என்றும் விவரம் சொல்கிறது நூல். பதினைந்து வயதில் எனக்கு இந்தக் குண்டூசிதான் பெரிய சாட்சி. துரு ஏறிய ஊசி, மஞ்சளான காகிதம் எல்லாம் கண்ணுக்குள் தெரிந்தன. இப்போது கேட்கத் தோன்றுவது வேறு. ஊசி வரைக்கும் சொன்னவர்கள், அந்தக் கட்டு யாரிடம் இருந்தது, யார் அதைப் பதிப்பாளரிடம் கொண்டுவந்தார்கள், அச்சான பிறகு எங்கே போனது என்பதற்கும் கணக்கு கொடுத்திருக்க வேண்டாமா? அந்த மூலப் படியைப் பொதுவில் வைத்து யாரும் ஆராய்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. நம் கையில் இருப்பது 1836இல் பாரிசில் நான்கு தொகுதிகளாக வந்த அச்சுப் புத்தகம் மட்டும். பிரபு சொன்னதாக அதில் வரும் தீர்க்கதரிசனங்கள் 1836க்குள் நடந்து முடிந்தவை என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அப்புறம் வயது. 1743இல் வெர்சாய் அரண்மனைக்கு ஏராளமான நகைகளோடு ஒரு பணக்கார அந்நியர் வந்திருப்பதாகப் பேச்சு பரவியது என்று சீமாட்டி பிரபுவின் கதையை ஆரம்பிக்கிறார். நிஜமான அதேமார் சீமாட்டி 1735இல் பிறந்தவர். 1743இல் அவருக்கு எட்டு வயது. மற்ற ஆவணங்களைப் பார்த்தால், 1745இல் லண்டனில் உளவாளி என்ற சந்தேகத்தில் பிரபுவைப் பிடித்து விசாரித்த செய்தி ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் கடிதத்தில் இருக்கிறது. பிரெஞ்சு அரசவையில் அவர் செல்வாக்கோடு இருந்தது 1758க்குப் பிறகுதான். பதினைந்து வருடம் முன்னாலேயே அவரை வெர்சாய்க்குக் கூட்டிவந்தவருக்கு அந்தக் காலம் சொந்த அனுபவமாக இல்லை.

சரி, அந்தப் பழைய கதைகளுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? வயதான ஜெர்ஜி சீமாட்டி, ஐம்பது வருடங்களுக்கு முன் வெனிசில் பார்த்த அதே ஆள் கொஞ்சமும் மூப்படையாமல் நிற்கிறாரே என்று திகைக்கும் காட்சி இந்த நூலில் விரிவாக வரும். அதே செய்தி பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி பொம்பதூர் சீமாட்டியின் பணிப்பெண் து ஓசேயின் குறிப்புகளில் சுருக்கமாக இருக்கிறது. அது அச்சில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது 1824இல், அதாவது பன்னிரண்டு வருடம் முன்னால். து ஓசே எழுதும் விதத்தைப் பாருங்கள்: அரசரின் வைரத்தில் ஒரு கறை, கறையோடு விலை 6,000 லிவ்ர், பிரபு அதை வாங்கிக்கொண்டுபோய்க் கறையில்லாமல் திருப்பித் தந்தார், நகை வியாபாரி 9,600 கொடுக்க முன்வந்தார். எஜமானி வீட்டுக் கணக்கைக் காதில் வாங்கிய பணிப்பெண்ணின் ஞாபகம் அது. இந்த மாதிரித் துண்டுகளை எடுத்து ஊதிப் பெருக்குவது எனக்குத் தெரிந்த வேலைதான்.

இனி ஆளுக்கு வருவோம். நூற்பட்டியல் அறிஞர்கள் இந்த நூலை எத்தியேன்-லெயோன் து லாமோத்-லாங்கோன் பெயரில்தான் போடுகிறார்கள். 1786இல் மோன்பெல்லியேவில் பிறந்தவர், நெப்போலியன் ஆட்சியில் துணை ஆட்சியர் பதவி வகித்தவர். நெப்போலியன் வீழ்ந்ததோடு பதவி போயிற்று, பேனாதான் சோறு போட்டது. இரத்தக்காட்டேரி நாவல்கூட எழுதியிருக்கிறார்.

அன்றைய பாரிஸ் பதிப்புச் சந்தையும் அவருக்குத் தோதாக இருந்தது. புரட்சிக்கு முந்தைய அரண்மனையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள், வாசகர்களுக்கோ அந்த உலகத்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் போதவில்லை. அரசியின் பணிப்பெண் கம்பான் அம்மையாரின் உண்மையான நினைவுகள் 1822இல் வந்து நன்றாக விற்றன. உடனே பதிப்பாளர்களுக்கு இன்னும் வேண்டும் என்றாகிவிட்டது. நெப்போலியனின் செயலாளர் பூரியென் பெயரில் வந்த நினைவுகளையும் வில்மாரெஸ்த் என்பவர்தான் பெரும்பாலும் எழுதினார். இந்த வேலை செய்பவர்களைப் பிரெஞ்சில் 'சாயம் போடுபவர்' என்றே அழைத்தார்கள். பூரியெனாவது கொஞ்சம் குறிப்புகள் கொடுத்தார், துணி அவருடையது, சாயம் அடுத்தவருடையது. லாமோத்-லாங்கோன் துணியையும் தானே நெய்தார். 1793இல் கில்லட்டினில் தலை போன, பதினைந்தாம் லூயியின் இன்னொரு ஆசைநாயகி து பாரி சீமாட்டியின் 'நினைவுகள்' 1829இல் வெளிவந்தன. பதினெட்டாம் லூயியின் 'நினைவுகள்' வந்தன. அரசியின் சிகையலங்காரக்காரர் லெயோனாரின் 'நினைவுகள்'கூட வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இவர் கைதான் என்கிறார்கள். இலக்கிய மோசடிகளுக்கென்றே பட்டியல் போட்ட கெரார், லாமோத்-லாங்கோன் உயிரோடு இருந்த காலத்திலேயே இவரை அதில் சேர்த்துவிட்டார். 1947இல் பிரெஞ்சு எழுத்தாளர் போல் ஷாகோர்நாக் செயின்ட் ஜெர்மெயின் வரலாற்றை எழுதியபோது, அதேமார் நூல் போலி என்று சொல்லித்தான் அந்தச் சாட்சியத்தை ஒதுக்கினார்.

"அரண்மனைக் கதைதானே, எழுதிவிட்டுப் போகட்டும்" என்று நீங்கள் நினைக்கலாம். அதே மனிதர் 1829இல் பிரான்சில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய மதவிசாரணை மன்றத்தைப் பற்றி மூன்று தொகுதி வரலாறு எழுதினார். 1330களில் துலூஸில் சூனியக்காரிகள் என்று பெண்களைக் கும்பல் கும்பலாக எரித்ததாக வழக்குகளின் விவரமே கொடுத்தார். அன்-மரி து ஜோர்ஜெல், காத்ரீன் தெலோர் என்று பெயர்கள், வாக்குமூலங்கள், நள்ளிரவுக் கூட்டங்கள். சுமார் நூற்றைம்பது வருடம் வரலாற்றாசிரியர்கள் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவின் சூனிய வேட்டை 14ஆம் நூற்றாண்டிலேயே பெரிதாகத் தொடங்கிவிட்டது என்ற கருத்து இதன்மேல் நின்றது. 1970களின் நடுவில் வரலாற்றாசிரியர்கள் நார்மன் கோனும் ரிச்சர்ட் கீக்ஹெஃபரும் தனித்தனியாகத் தேடிப் போய், அந்த ஆவணங்கள் எங்கும் இல்லை, இருந்ததற்கான தடயமும் இல்லை, வாக்குமூலங்களில் வருபவை அடுத்த நூற்றாண்டுக்குப் பிறகு பேசப்பட்ட விஷயங்கள் என்று காட்டினார்கள். அந்தப் பெண்கள் வாழவே இல்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையாகவே எரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்கள் பின்னால் வரப் போகிறார்கள், அவர்கள் வரலாற்றுக்கு முன்னால் இவர் இல்லாத பிணங்களை அடுக்கி வைத்துவிட்டார்.

பிரபுவின் சாவுக்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி வரும். வட ஜெர்மனியில் எக்கர்ன்ஃபோர்டே என்ற துறைமுக ஊர். அங்குள்ள தேவாலயப் பதிவேட்டில் 1784 பிப்ரவரி 27 இறந்ததாகவும் மார்ச் 2 அடக்கம் செய்ததாகவும் இருக்கிறது. அவருக்குக் கடைசிக் காலத்தில் இடம் கொடுத்து ஆதரித்த ஹெஸ்ஸ இளவரசர் கார்ல் சொல்லி எழுதவைத்த நினைவுகளும் இருக்கின்றன. கார்ல் அவரைத் தன் காலத்தின் மிகப் பெரிய ஞானிகளில் ஒருவராக மதித்தவர், இரகசிய வித்தைகளில் நம்பிக்கை உள்ளவர். சாகவில்லை என்று எழுத யாராவது ஆசைப்பட்டிருந்தால் அவர்தான் ஆசைப்பட்டிருக்க வேண்டும். அவரே, நான் காசெல் நகரத்தில் இருந்தபோது எக்கர்ன்ஃபோர்டேவில் இறந்துபோனார் என்று எழுதுகிறார். தான் அருகில் இல்லாததை ஒளிக்கவில்லை பாருங்கள். எனக்கு அந்த ஒரு வரி நான்கு தொகுதிகளைவிடக் கனமாகத் தெரிகிறது.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அம்மா நிஜமா என்னதான் எழுதினாள்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. கேப்ரியேல் போலின் பூத்தில்லியே து ஷாவிஞி என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். இரண்டாவது கணவர் அதேமார் லண்டனில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். தான் சேவை செய்த அரசியைக் கொன்றதையும், புரட்சியையும், பேரரசையும், அரச குடும்பம் திரும்பி வந்ததையும் பார்த்துவிட்டு எண்பத்தேழு வயதுவரை இருந்திருக்கிறார். அவர் பேரில் நான்கு தொகுதிகள் இருக்கின்றன. அவருடையது என்று நான் நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு வரிகூட அவற்றில் இல்லை.